தடிமன், இருமலுக்கு மல்லித்தண்ணியும் மூலிகைக் குடிநீரும்: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மாரி தொடங்கி வாடைக்காற்று ஓயும் வரை வன்னியில் தடிமன் இல்லாத வீடு குறைவு. மல்லி அவிக்கத் தெரியாத வீடும் குறைவுதான். ஆனாலும் புதிதாகச் செய்பவர்கள் மூன்று இடங்களில் தடுமாறுகிறார்கள். என்ன காய்ச்சல் என்று பார்க்காமலே அடுப்பை மூட்டுகிறார்கள். வேர், விதை, இலை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். கடுங்கசப்பாகக் காய்ச்சி ஒரே மூச்சில் குடிக்கச் சொல்கிறார்கள். நோயாளி ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை வைத்துவிடுவார்.

தடிமன், இன்புளுவன்சா, கொரோனா எல்லாம் வைரஸால் வருபவை. எந்த மூலிகைக் குடிநீரும் அந்த வைரஸைக் கொல்லும் என்றோ தொற்றாமல் தடுக்கும் என்றோ நிறுவப்படவில்லை. 2020 கடைசியில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கான சனம் நெருக்கியடித்து நின்றது. அப்படிக் கூடுவதே தொற்றைப் பரப்பும். குடிநீரின் வேலை வேறு. உடம்பில் நீர் வற்றாமல் பார்க்கும், தொண்டையை ஆற்றும், சளியை இளக்கும், நித்திரைக்கு உதவும். இந்த நான்கும் நடக்க வேண்டுமென்றால் குடிநீர் மெல்லியதாகவும் வாய்க்குப் பிடித்ததாகவும் இருக்க வேண்டும். அடிக்கடி குடிக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

1. அடுப்பை மூட்டுமுன் காய்ச்சலைப் பாருங்கள்

மூக்கால் ஓடுகிறது, தும்மல், தொண்டை நோ, இருமல், மெல்லிய காய்ச்சல் என்றால் அது தடிமன் வகை. வீட்டில் வைத்துப் பார்க்கலாம்.

தடிமனே இல்லாமல் திடீரென்று கடுங்காய்ச்சல் அடித்து, கண்ணுக்குப் பின்னால் நோவும் உடம்பு உளைவும் இருந்தால் டெங்குவை நினையுங்கள். மாரியில் இரண்டும் ஒரே காலத்தில்தான் வரும். டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது பனங்கட்டி போட்ட கபில நிறக் குடிநீரோ சிவப்புப் பானமோ கொடுக்க வேண்டாம். நோயாளி சத்தி எடுத்தால் அது இரத்தமா, குடித்த பானமா என்று வைத்தியருக்குப் பிரித்தறிய முடியாமல் போகும். கஞ்சி, இளநீர், ஜீவனி, பால் போன்றவற்றைக் கொடுங்கள். டெங்குவில் நீராகாரத்துக்கும் அளவுண்டு. 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர். நிறையக் குடித்தால் நல்லது என்று அளவில்லாமல் ஊற்றவும் கூடாது.

வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். காலபோக விதைப்புக் காலத்தில் இதை ஒருபோதும் தடிமன் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நேரத்தோடு வேண்டும். மல்லித்தண்ணியால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை. பிள்ளைக்கு நிறையைப் பார்த்து, ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபெனாக் மூன்றையும் விடுங்கள். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

2. மாரிக்கு முன் வாங்கி வைக்க வேண்டியவை

காய்ச்சல் வந்த பிறகு மழைக்குள் கடைக்கு ஓடினால் கிடைத்ததைத்தான் வாங்க வேண்டிவரும். புரட்டாதிக்குள் வாங்கி, ஒரு வெயிலில் காயவைத்து, இறுக்கமான போத்தலில் அடைத்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு போதும்: மல்லி 250 கிராம், வேர்க்கொம்பு (சுக்கு) 50 கிராம், மிளகு 50 கிராம், அதிமதுரம் 25 கிராம், திப்பிலி 10 கிராம், நற்சீரகம் 50 கிராம், பனங்கட்டி அல்லது கல்லாக்காரம் தேவைக்கேற்ப.

மல்லியை வாங்கும்போது நாலு விதையை விரலால் நசுக்கி மணந்து பாருங்கள். மணம் எழாத மல்லி பழையது. எவ்வளவு நேரம் அவித்தாலும் அது நிறத்தைத்தான் தரும்.

வேர்க்கொம்பின் மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் சுண்ணாம்பு பூசியது. பச்சையாகவோ கறுப்பாகவோ படிந்திருந்தால் பூஞ்சணம். அதை வாங்க வேண்டாம். சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்கு வித்து நஞ்சு என்று பரியாரிமார் சொல்வதை இங்கே அப்படியே கடைப்பிடியுங்கள். தோலைச் சீவினால் சுண்ணாம்பும் அழுக்கும் அதோடு போய்விடும்.

கடைகளில் மல்லியோடு வெனிவெல் சேர்த்த பைக்கற்றும் விற்கிறார்கள். வெனிவெல் என்பது மரமஞ்சள். நல்ல கசப்பு. வளர்ந்தவர்கள் ஓரிரு நாள் குடிக்கலாம். கர்ப்பிணிக்கும் பிறந்த குழந்தைக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது. வீட்டுக்கு வெறும் மல்லி வாங்கினால் எல்லோருக்கும் பொதுவாக அவிக்கலாம்.

அதிமதுரத்துக்குப் பதிலாகக் குன்றிமணிக் கொடியின் வேரையும் இலையையும் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வாய்க்கு இனிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள் அந்தக் கொடியையே கொண்டுவர வேண்டாம்.

3. இலை பறிக்கும்போது

துளசியும் கற்பூரவள்ளியும் முற்றத்தில் நட்டுவிடுங்கள். கற்பூரவள்ளி ஒரு தடியை முறித்து ஊன்றினாலே வந்துவிடும். ஆடாதோடை வேலியோரத்தில் நன்றாக நிற்கும். தூதுவளையும் மொசுமொசுக்கையும் மழை விழுந்ததும் வேலிகளில் தானாகப் படரும்.

வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் பறிக்க வேண்டாம். காலபோகத்தில் களைநாசினியும் பூச்சிநாசினியும் அடிக்கும் இடங்கள் அவை. கழுவினாலும் முழுதாகப் போகாது. ஈர நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் இலையில் எலியின் சிறுநீர் பட்டிருக்கும் வாய்ப்பும் உண்டு. இடுப்புயரத்துக்கு மேலே நிற்கும் இலையைப் பறிப்பது நல்லது.

மூலிகை தேடிப் பற்றைக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் மிதிவெடி அகற்றி முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கட்டிய இடத்துக்குள் ஒரு இலைக்காகவும் கால் வைக்காதீர்கள். பலகை விழுந்துபோன இடங்களும் இருக்கலாம் என்பதால் ஊரவர் நடக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம்.

அடையாளம் உறுதியாகத் தெரியாத இலையைப் போடாதீர்கள். தொய்வுக்காரருக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைக்கக் கொடுக்கும் பழைய கைமுறை ஒன்று இருக்கிறது. ஊமத்தை முழுச் செடியும் நஞ்சு. நினைவு தடுமாறும், இதயம் படபடக்கும். அதைக் குடிநீரில் போடவும் வேண்டாம், புகைக்கவும் வேண்டாம்.

பறித்த இலையை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

4. தண்ணீரும் பாத்திரமும்

வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் அவித்தால் மல்லியின் மணம் அமுங்கி, மேலே ஆடைபோல் படரும். சுத்திகரித்த குடிதண்ணீர் அல்லது சுத்தமாகச் சேகரித்த மழைநீர் நல்லது. வவுனியா மாவட்டம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் ஒன்று. அங்கே வீட்டில் குடிக்க எந்தத் தண்ணீரைப் பாவிக்கிறீர்களோ அதிலேயே குடிநீரையும் காய்ச்சுங்கள். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும்; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வற்ற வற்றச் செறிவாகும்.

மண்சட்டி அல்லது சில்வர்ச் சட்டி எடுங்கள். அலுமினியச் சட்டியில் தேசிப்புளி பட்டால் உலோகம் கரையும். கறி வைக்கும் மண்சட்டியும் சரிவராது. எண்ணெயும் உறைப்பும் மண்ணில் ஊறிப்போயிருக்கும். குடிநீருக்கென்று ஒன்றரை லீற்றர் பிடிக்கும் சட்டி ஒன்றைத் தனியாக வையுங்கள்.

மூடியும் வேண்டும். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்.

5. அடிப்படை மல்லித்தண்ணி

ஒருவருக்கு ஒரு நாளைக்கான அளவு இது. மல்லி இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 10 கிராம். வேர்க்கொம்பு அரை விரல் நீளத் துண்டு, ஏறத்தாழ 3 கிராம். மிளகு 6. நற்சீரகம் அரைத் தேக்கரண்டி. தண்ணீர் ஒரு லீற்றர். வற்றிய பிறகு 750 மி.லீ. இருக்க வேண்டும்.

முதலில் வற்றும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டிக்குள் 750 மி.லீ. தண்ணீர் ஊற்றி, ஒரு ஈர்க்கை நேராக நிறுத்தி, தண்ணீர் நிற்கும் இடத்தில் நகத்தால் கீறி அடையாளம் வையுங்கள். பிறகு மிச்சம் 250 மி.லீ. ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஈர்க்கை விட்டுப் பார்த்தால் எவ்வளவு வற்றியது என்று தெரியும். கண்மதிப்பில் செய்பவர்கள் பெரும்பாலும் அரைவாசிக்கு மேல் வற்றவிட்டுவிடுகிறார்கள். காரம் ஏறி, தொண்டை எரியும்.

மல்லியை வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். மணம் எழும்பி, விதை கையில் சுடும் பதம் போதும். நிறம் மாறக் கூடாது. கருகிய மல்லியின் கசப்பை எந்தப் பனங்கட்டியும் மறைக்காது. கருகினால் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள்.

வறுத்ததை உரலில் போட்டு ஒன்று இரண்டாக உடையுங்கள். வேர்க்கொம்பைத் தோல் சீவித் தட்டிப் போடுங்கள். மிளகையும் சும்மா தட்டினால் போதும். மாவாக இடிக்க வேண்டாம். மாவு அடியில் பிடிக்கும், வடியால் இறங்கிவரும், குடிக்கும்போது தொண்டையில் ஒட்டி இருமலைக் கிளப்பும். முழு விதையாகப் போட்டாலும் சாரம் இறங்காது.

உடைத்ததைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வேர்க்கொம்பின் உள்பக்கம் ஊறுமுன் தண்ணீர் வற்றிவிடும். கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்து, மூடியைச் சற்றே சரித்து வைத்து, 15 முதல் 20 நிமிடம். விறகடுப்பென்றால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் விடுங்கள். தொய்வோ இருமலோ உள்ளவரைப் புகை பிடிக்கும் அடுப்படியில் இருத்தி வைக்காதீர்கள். குடிநீரால் கிடைக்கும் சுகத்தை விடப் புகையால் வரும் கெடுதி கூட.

அடையாளத்துக்கு வற்றியதும் இறக்கி, மூடி, ஐந்து நிமிடம் விட்டு வடியுங்கள். பனங்கட்டியை வடித்த பிறகு போடுங்கள். அதில் மண்ணும் நாரும் இருந்தால் தனியே கரைத்து வடித்து ஊற்றலாம். தேன் போடுவதென்றால் கோப்பையில், குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு. தேசிப்புளியும் கடைசியில்தான். கொதியில் விட்டால் கசந்துபோகும்.

6. மணமுள்ள இலைகள் கடைசியில்

துளசி, கற்பூரவள்ளி இரண்டின் பயனும் அவற்றின் மணத்தில் இருக்கிறது. அந்த எண்ணெய் ஆவியாகப் பறந்துவிடும் இயல்புடையது. வேரோடு சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க வைத்தால் வீடு முழுக்க மணக்கும், கோப்பையில் ஒன்றும் இருக்காது.

அதனால் சட்டியை இறக்கிய பிறகு, துளசி இலை 8 அல்லது 10, கற்பூரவள்ளி இலை 2, கையால் கிழித்துப் போட்டு உடனே இறுக்கி மூடுங்கள். பத்து நிமிடம் போதும். மூடியைத் திறக்கும்போது அதன் உள்பக்கத்தில் நிற்கும் நீர்த்துளிகளைச் சட்டிக்குள்ளேயே தட்டிவிடுங்கள். மணம் அங்கேதான் தங்கியிருக்கும்.

கற்பூரவள்ளியைக் கூட்டிப் போட்டால் காரம் ஏறி வயிறு எரியும். இரண்டு இலைக்கு மேல் வேண்டாம்.

7. வறட்டு இருமலுக்கு ஒன்று, சளி இருமலுக்கு ஒன்று

இருமலைக் கேட்டுவிட்டுத் தெரிவு செய்யுங்கள். எல்லா இருமலுக்கும் ஆடாதோடை என்று தொடங்குவது பெரிய பிழை.

வறட்டு இருமலில் தொண்டை காய்ந்து அரிக்கும், சளி வராது, இரவில் கூடும். இதற்கு வழவழப்பும் இனிப்பும் வேண்டும். அதிமதுரம் சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்றை, ஏறத்தாழ 2 கிராம், நார்நாராகத் தட்டி 300 மி.லீ. தண்ணீரில் போட்டு 200 ஆக வற்றும்வரை காய்ச்சி, கல்லாக்காரம் ஒரு துண்டு சேர்த்து, காலையில் பாதியும் படுக்கமுன் பாதியும் குடிக்கலாம். ஐந்து நாளோடு நிறுத்துங்கள். வறட்டு இருமல்காரருக்கு மிளகையும் வேர்க்கொம்பையும் கூட்டிக் கொடுத்தால் அரிப்புத்தான் கூடும்.

நெஞ்சில் சளி கட்டி, இருமினால் கரகரத்து, ஆனால் வெளியே வராமல் நிற்கும் இருமலுக்கு ஆடாதோடை. சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து இந்தச் செடியில் உள்ள வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. முற்றிய இலை இரண்டை நடுநரம்பு நீக்கி நறுக்கி, 400 மி.லீ. தண்ணீரில் மிளகு நாலோடு போட்டு, 200 ஆக வற்றவிட்டு, வடித்து, தேனோடு இரண்டு வேளையாக. இலையைக் கூட்டினால் குமட்டிச் சத்தி வரும். இதுவும் வளர்ந்தவருக்கு மட்டும், ஐந்து நாளுக்கு மட்டும்.

கசப்பு இறங்காதவர்களுக்குச் சாப்பாட்டு வழியே நல்லது. தூதுவளை இலையின் முள்ளை அரிந்துவிட்டு உள்ளி, மிளகு, சீரகத்தோடு இரசம் வைக்கலாம். மொசுமொசுக்கை இலையை அரைத்துப் பச்சையரிசிக் கஞ்சியில் கலக்கலாம். பசியும் ஆறும், நீரும் போகும். மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த ஒருவருக்குக் குடிநீரை விட இந்தக் கஞ்சியைத்தான் முதலில் சொல்வோம்.

திப்பிலியை அவிக்க வேண்டியதில்லை. மெல்ல வறுத்துப் பொடித்து, ஒரு சிட்டிகையைத் தேனில் குழைத்து நக்கக் கொடுங்கள். நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

8. குடிக்கும் அளவும் நேரமும்

மல்லித்தண்ணி 100 முதல் 150 மி.லீ., இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இளஞ்சூட்டில், மிடறு மிடறாக. ஒரு செம்பை ஒரே தடவையில் குடித்தால் வயிறு நிறைந்து சோறு இறங்காது. தொண்டைக்குக் கிடைக்கும் இதமும் ஒரு நிமிடத்தோடு போய்விடும். அடிக்கடி நனைக்கும்போதுதான் இருமல் அடங்கியிருக்கும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது சளியை இன்னும் கூட இளக்கும் என்பது பிழை. மிகச் சூடான பானத்தை வழக்கமாகக் குடிப்பது உணவுக்குழாய்க்கே கேடு. உதட்டில் வைத்தால் சுடாத பதம் வரட்டும்.

குடிநீரையே நம்பியிராமல் வெறும் தண்ணீர், கஞ்சி, சொதி எல்லாம் சேர்த்துச் சிறுநீர் வெளிர் நிறமாகப் போகிறதா என்று பாருங்கள். கடும் மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை. இதயம், சிறுநீரகம் தொடர்பாக நீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவுக்குள்ளேயே குடிநீரையும் அடக்க வேண்டும்.

காலையில் காய்ச்சியதை அன்றைக்கே முடியுங்கள். வன்னி வெக்கையில் பனங்கட்டி கலந்த குடிநீர் சாய்ந்தரத்துக்குள் புளிக்கத் தொடங்கும். இனிப்புச் சேர்க்காமல் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்து, குடிக்கும்போது கோப்பையில் இனிப்பைக் கலப்பது புத்தி. நோயாளிக்குக் கோப்பையும் தனியாக இருக்கட்டும். ஊற்றிக் கொடுப்பவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். யன்னலைத் திறந்து வையுங்கள்.

9. பிள்ளைகளுக்கு

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். நாக்கில் தடவுவது, உரைமருந்து, சங்கில் ஊற்றுவது எதுவும் வேண்டாம். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாவிட்டால், மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்த் துளியை மூக்கில் விடலாம்.

ஒரு வயது ஆகும் வரை தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பற்றீரியா குழந்தையின் குடலில் பெருகி, உடம்பைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும். காட்டுத் தேன், சுத்தமான தேன் என்பதால் இந்த ஆபத்து குறையாது.

ஒரு வயதுக்கு மேல் இரவு இருமலுக்குத் தேன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை கொடுக்கலாம். இந்தப் பட்டியலில் பிள்ளைகளின் இருமலுக்கு ஆய்வு ஆதாரம் ஓரளவு உள்ளது தேனுக்குத்தான். மிளகு போடாத மல்லித்தண்ணி 30 மி.லீ., நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஆடாதோடை, திப்பிலி, அதிமதுரம், வெனிவெல் ஆகியவற்றைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே சித்த வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

பிள்ளையை அமர்த்திப் பிடித்து மூக்கைப் பொத்திப் புகட்டுவது இன்னும் நடக்கிறது. குடிநீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் சளிக்கு மேல் நிமோனியா. பிள்ளை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

10. யார் எதைத் தவிர்க்க வேண்டும்

அதிமதுரம் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர், இதய வருத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களும் நீர்போக்கும் குளிசை எடுப்பவர்களும் அதைத் தொட வேண்டாம்.

கர்ப்பிணிகள் ஆடாதோடையையும் வெனிவெல்லையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஆடாதோடைக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உண்டு. வெறும் மல்லித்தண்ணியோடு நிறுத்துவது பாதுகாப்பு.

வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் வேர்க்கொம்பையும் உள்ளியையும் மருந்தளவில் எடுக்க வேண்டாம். கறியில் போடுவது வேறு. மிளகும் திப்பிலியும் சில மருந்துகள் உடம்பில் கூடுதலாக ஏறச் செய்யும். வலிப்புக்கு பெனிற்றோயின் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். சீனி வருத்தக்காரருக்குப் பனங்கட்டியும் சீனிதான். ஒரு நாளைக்கு ஏழு கோப்பை இனிப்போடு குடித்தால் இரத்தத்தில் சீனி ஏறும். இனிப்பில்லாமல் குடியுங்கள்.

சிறுநீரகம் பற்றி இன்னொன்று. ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை இரண்டும் பழைய கலவைகள் சிலவற்றில் சேரும். ஈசுரமூலியைச் சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். இவற்றில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். பெயர் அச்சிடாத தூள் கலவையை யார் தந்தாலும் வாங்காதீர்கள். சீந்திலும் கவனத்துக்குரியது. கொரோனாக் காலத்தில் இந்தியாவில் அதைத் தொடர்ந்து குடித்தவர்களிடம் கல்லீரல் பாதிப்புப் பதிவாகியுள்ளது. கபசுரக் குடிநீரில் சேரும் 15 சரக்குகளில் சீந்திலும் ஆடாதோடையும் உண்டு. அதை வீட்டில் கூட்டிக் கலக்காமல் அரச சித்த வைத்தியசாலையில் பார்த்து வாங்குங்கள்.

11. ஆவி பிடிப்பதென்றால்

நொச்சி இலை ஒரு பிடி, கொதித்த தண்ணீரில். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, தரையில் அசையாத இடத்தில் வைத்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஒரு முழம் தள்ளி முகத்தை வைத்து ஐந்து நிமிடம். மூக்கடைப்புக்குச் சற்று இலகுவாக இருக்கும், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஆவி வேண்டாம். போர்வைக்குள் சட்டி கவிழ்ந்து தொடையும் வயிறும் வெந்துபோவது தடிமனை விடப் பெரிய துன்பம். தொய்வுக்காரருக்கும் ஆவியால் இழுப்புக் கூடலாம்.

12. சரிவராவிட்டால் எங்கே பிழைத்தது

கசக்கிறது: மல்லி கருகியிருக்கும், அல்லது தேசிப்புளியைக் கொதியில் விட்டிருப்பீர்கள். தண்ணீர் கலந்து சரிக்கட்ட முடியாது.

தொண்டை எரிகிறது: வற்றியது கூட. சுடுதண்ணீர் கலந்தால் சரியாகும்.

மணமே இல்லை: பழைய மல்லி, திறந்த சட்டி, இலையைக் கொதிக்கவிட்டது. மூன்றில் ஒன்று.

நெஞ்செரிவு வருகிறது: வெறும் வயிற்றில் குடித்திருப்பார். கஞ்சிக்குப் பிறகு கொடுங்கள், மிளகைப் பாதியாக்குங்கள்.

நேற்றையதைச் சூடாக்கிக் கொடுத்து வயிற்றோட்டம் வந்தது: புளித்ததைக் கொதிக்க வைத்தாலும் நல்லதாகாது. கொட்டிவிடுங்கள்.

இரண்டு நாள் குடித்தும் குறையவில்லை என்று மூலிகைகளைக் கூட்டிக்கொண்டே போவது எல்லாவற்றிலும் மோசமான பிழை. சாதாரணத் தடிமன் ஏழு முதல் பத்து நாள் இருக்கும். இருமல் மூன்று கிழமை வரை இழுக்கலாம். சட்டியில் எதைக் கூட்டினாலும் அந்தக் கால அளவு சுருங்காது. பாமசியில் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி வாங்கிப் போடுவதும் இதே பிழைதான். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

13. சட்டியை இறக்கிவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம்

காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஆறுதல் அடையாதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். கடும் வயிற்று நோ, ஓயாத சத்தி, முரசில் இரத்தம், கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே.

மூச்சு எடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோ, உதடு நீலம் பாரித்தல், குழம்பிப் பேசுதல், நன்றாகி வந்தவருக்கு மறுபடி காய்ச்சல் அடித்தல் ஆகியவையும் அப்படியே.

பிள்ளையின் மூச்சை, அது அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். விலா உள்ளே இழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், தொய்வு, இதயம், சிறுநீரகம், சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்புளுவன்சா அறிகுறி வந்த முதல் நாளிலேயே காட்ட வேண்டும். அதற்கான வைரஸ் மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். குடிநீரைக் குடித்துப் பார்ப்போம் என்று அந்த இரண்டு நாளைக் கடத்தினால் திரும்பப் பெற முடியாது.

மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலைகள். இரவில் வாகனம் இல்லாத கிராமங்களிலிருந்து 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள்: காய்ச்சல் தொடங்கிய நாளும் நேரமும், போட்ட குளிசைகள், குடித்த குடிநீரில் இருந்த சரக்குகள் ஒவ்வொன்றும், கடைசியாகச் சிறுநீர் போன நேரம். பைக்கற்றில் வாங்கியதென்றால் அந்தப் பைக்கற்றையே கையில் எடுத்துப் போங்கள். ஏசுவார்கள் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். எந்த மருந்தை எழுதுவது என்று வைத்தியர் தீர்மானிக்க அந்தப் பட்டியல் வேண்டும்.